சினை மீனின் சாதனை

ஞாயிறு, இரவு.

வெள்ளாயணி ஏரியில் இன்று எங்கள் சங்கத்தின் தூண்டில் போட்டி. நான்தான் நடுவர். ஆரியசாலையில் கடை வைத்திருக்கும் என் மைத்துனன் கோலப்பன், சங்கத்தில் இதுவரை யாரும் பிடிக்காத எடையில் ஒரு கட்லா பிடித்தான். தராசிலிருந்து இறக்கும்போது அதன் வயிற்றிலிருந்து முட்டைகள் வழிந்தன. சினை மீனை எடைபோடாமல் உடனே தண்ணீரில் விட வேண்டும் என்பது விதி.

"ஒரு மீனல்லே அத்தான்? கண்டுக்காம எழுதுங்க."

"இது கணக்குல வராது மாப்ளே."

"அக்கா மொகத்துக்காவது..."

மீனைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினேன். கோலப்பன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மனைவி இன்னும் என்னிடம் பேசவில்லை.

அதெல்லாம் சரியாகிவிடும். ஆனால் தண்ணீரில் பிடியை விட்டதும் அந்த மீன் வாலை அசைக்காமல் கீழே போனது. நீந்தித்தான் போனதா என்று தெரியவில்லை.