தேய்க்கப்பட்ட நான்கு வில்லைகள்

போன மாதம் ஓசூர் பேருந்து நிலையத்தில் ஊத்தங்கரை வண்டியிலிருந்து இறங்கிய உன் மனைவி, நலம் விசாரிப்பதற்கு முன்பே பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். பஞ்சுக்கு நடுவே கட்டைவிரல் நகம் அளவில் ஒரு கிராஃபைட் வில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். ஒரு பாதி மினுங்கியது, மறுபாதி மங்கியிருந்தது. இரண்டுக்கும் இடையே மயிரிழை போல் ஒரு நேர்கோடு.

"இதத் தூக்கிப் போட்டுடாதன்னு சொல்லியிருந்தாருங்கண்ணா," என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "உங்ககிட்ட குடுக்க வேணாம்னும் சொல்லியிருந்தாரு. எனக்கு இங்க வேற யாரத் தெரியும்? அதான் கொண்டாந்துட்டேன்."

நீ இறந்து எட்டு மாதமாகிறது. சேலத்தில் ஒரே வகுப்பில் இயற்பியல் படித்து, ஒரே வாரத்தில் ஓசூரின் ஒரே தொழிற்சாலையில் சேர்ந்து, முப்பது ஆண்டுகள் ஒரே பேருந்தில் வேலைக்குப் போனவர்கள் நாம். உன் இறுதிச் சடங்கில் உன்னைத் தூக்கிய நால்வரில் நானும் ஒருவன். என்னிடம் கொடுக்கவேண்டாம் என்று நீ சொன்னது ஏன்? இந்தக் கடிதம் அந்த ஒரு கேள்விக்காக எழுதப்படுகிறது. துக்கத்தை எப்போதோ எழுதி முடித்துவிட்டேன். இது கோபத்தில் எழுதுவது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அந்த ஆர்டர் வந்தது. அதுவரை பம்புகளுக்கு வளையம் செய்துகொண்டிருந்த நம்மிடம், துகள் முடுக்கியில் அயனிக் கற்றை வந்து மோதும் இடத்தில் பொருத்தும் கிராஃபைட் கட்டைகளைக் கேட்டார்கள். அயனிகள் தாக்கினால் உங்கள் கிராஃபைட் என்ன ஆகும் என்று சோதித்துக் காட்டுங்கள் என்பது அவர்களின் நிபந்தனை. ஆய்வகம் உன் பொறுப்பு. தரச் சான்றில் கையெழுத்திடுவது என் பொறுப்பு.

கேன்டீனில் நான் விளக்கம் கேட்டபோது நீ தயிர்சாதத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாய்: "காலையில அத்திப்பள்ளி பஸ்ஸுல ஏறியிருக்கியா? எல்லாரும் ஒழுங்கா உக்காந்திருக்காங்க. ஒருத்தன் ஓடிவந்து ஏறி ஒரு ஆள இடிக்கிறான். அவன் சீட்ட விட்டுப் போயி இன்னும் நாலு பேர இடிச்சு, நிக்கவே எடமில்லாத எடத்துல சொருகிக்கிறான். இங்க ஒரு சீட்டு காலி, அங்க ஒரு வேண்டாத ஆளு. அயனி அடிச்சா கார்பன் அணுவுக்கும் அதேதான். காலி எடமும் வேண்டாத ஆளும் சேந்தா அடுக்கு உப்பும். உப்பினா ஒருநாள் வெடிக்கும்."

"எவ்வளவு ஆழம் போகும்?"

"இந்த வேகத்துக்கு? முடியில பத்துல ஒரு பங்கு. வெறும் தோலுதான்யா. அந்தத் தோல யாரும் தொடாம இருந்தா போதும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அன்று நான் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன்.

சோதனைக்கென வெட்டிய ஐந்து வில்லைகளையும் ஒரே மாதிரி மெருகேற்றி, ஒவ்வொன்றிலும் பாதியை உலோகத் தகட்டால் மூடி, வடக்கே ஒரு முடுக்கி மையத்துக்கு நீயே எடுத்துப் போனாய். மூடிய பாதியை அயனி தொடாது. அதனால் ஒரே வில்லையில் அடிபட்டதும் அடிபடாததும் அருகருகே இருக்கும். "மூடின பாதிதான் நம்ம சாட்சி," என்றாய். முதலில் அடித்து முடித்த வில்லை உன் சட்டைப் பையில் திரும்பி வந்தது. அன்றே அதை, ஒளியைப் பாய்ச்சி அணு அடுக்கைச் சோதிக்கும் ராமன் கருவியில் வைத்தாய். கருவி வரைந்த கோட்டில், ஒழுங்கான கிராஃபைட்டுக்குக் குள்ளமாக இருக்கவேண்டிய குறைபாட்டு முகடு, திறந்த பாதியில் ஓங்கி எழுந்து நின்றது. அடி பலமாக விழுந்திருந்தது.

மற்ற நான்கும் பத்து நாள் கழித்துக் கூரியரில் வந்தன. நீ அப்போது உன் அப்பாவின் காரியத்துக்காக ஊரில் இருந்தாய்.

நம் தொழிற்சாலையின் வழக்கம் உனக்குத் தெரியும். வெளியிலிருந்து எந்தக் கிராஃபைட் துண்டு உள்ளே வந்தாலும், அளப்பதற்கு முன் நுண்ணிய உப்புத்தாளில் நான்கு இழுப்பு. பிறகு ஸ்பிரிட்டால் ஒரு துடைப்பு. கைரேகையும் எண்ணெயும் போவதற்காக, பம்பு வளையங்களுக்கென எழுதிய விதி. நான்கு இழுப்பில் முடியில் பத்தில் ஒரு பங்கு என்ன ஆகும் என்பதைக் கணக்கிட இயற்பியல் பட்டம் தேவையில்லை. என்னிடம் அந்தப் பட்டமும் இருந்தது.

நான்கு வில்லைகளிலும் குறைபாடு ஏதும் ஏறவில்லை என்று ஆய்வகத் தாள் வந்தது. திறந்த பாதியும் மூடிய பாதியும் ஒரே கோடாக விழுந்திருந்தன. அயனி அடித்த கிராஃபைட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் முதலில் வரவேண்டியது சந்தேகம். எனக்கு நிம்மதி வந்தது. தரப்பிரிவின் தலைவருக்கும் நிம்மதி. நான்குக்கு எதிராக ஒன்று. ஆகவே உன் வில்லையில் 'கையாளுதல் பிழை' என்று அவர் அறிக்கையில் எழுதினார். நான் கையெழுத்திட்டேன். உன் கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் 'விடுப்பில்' என்று இருந்தது.

நீ திரும்பி வந்து தாளைப் பார்த்தாய். நேராக என் மேசைக்கு வந்தாய்.

"யாரு தேச்சது?"

"யாரும் தேய்க்கலப்பா. வந்த மாதிரியேதான் அளந்தாங்க."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனாய். அந்த நான்கு வில்லைகளோ வாடிக்கையாளருக்குப் போய்விட்டிருந்தன. உன் வில்லையை மறுபடி அளக்க நீ மூன்று முறை எழுதிக் கேட்டாய்; கருவிக்கு நேரமில்லை என்றார்கள். அடுத்த மாதம் உன்னைச் சரக்கறைக்கு மாற்றினார்கள். என்னைவிட வயதில் மூத்த நீ, எனக்கு முன்பே ஓய்வுபெறும் வரை அங்கே போல்ட் எண்ணிக்கொண்டிருந்தாய். நம் பேருந்தில் எனக்கு இடம் பிடித்து வைப்பதை மட்டும் நீ நிறுத்தவில்லை. வானிலையும் மாங்காய் விளைச்சலும் பேசினோம். அதைச் சமாதானம் என்று நம்பினேன். என் அருகில் அமர்ந்து நீ என்னைக் கண்காணித்துக்கொண்டிருந்தாய் என்று இப்போது தோன்றுகிறது.

டப்பாவை வாங்கிய மறுநாளே பெங்களூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் அந்த வில்லையை அளக்கச் செய்தேன். மூடிய பாதியில் முகடு குள்ளம். திறந்த பாதியில் ஓங்கி நின்றது. ஆறு ஆண்டுகளுக்கு முன் நீ வரைந்த கோட்டின்மேல் அப்படியே பொருந்தியது.

பிறகு பாகலூருக்குப் போய், மெருகுப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற முனியப்பாவைப் பார்த்தேன். அவருக்கு நினைவிருந்தது.

"நாலு துண்டு சார், சின்னதா. தேச்சேன். அன்னிக்கி மட்டும் உங்க தலைவரே எங்க பிரிவுக்கு வந்து நின்னாரு. 'எப்பவும் போல செய்'னாரு. எப்பவும் போல செய்யறதுக்கு எதுக்கு சார் வந்து சொல்லணும்?"

"தேய்க்காதேன்னு சீட்டு ஏதும் ஒட்டியிருந்ததா?"

"சீட்டு இருந்தா நான் ஏன் சார் தொடறேன்? லேப் சாரு எனக்குன்னா கன்னடத்துலயும் எழுதுவாரே." பிறகு சொன்னார்: "அன்னிக்கே கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். யாரும் வரல."

முடுக்கி மையத்தில் இரண்டு மொழியிலும் சீட்டு எழுதிக் கொடுத்து, பெட்டியில் ஒட்டி அனுப்பச் சொல்லிவிட்டு வந்ததாக நீ என்னிடமே சொல்லியிருக்கிறாய். அந்தச் சீட்டு எங்கே போனது? தலைவர் கிழித்தார் என்று பாகலூரிலிருந்து திரும்பும் வழியெல்லாம் எனக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டு வந்தேன். தொழிற்சாலை வாசலில் காவலரைக் கண்டதும் ஞாபகம் வந்தது. அந்தக் கூரியரை வாங்கியது நான். "உறையப் பிரிங்க சார், உள்ள என்னன்னு எழுதணும்," என்று அவர் சொல்ல, அங்கேயே மேலுறையைக் கிழித்துக் குப்பையில் போட்டவனும் நான். சீட்டை உறைமேல் ஒட்டியிருந்தார்களா, உள்பெட்டியிலா, தெரியாது. நான் படிக்கவில்லை.

தலைவரிடம் போய் அறிக்கையைத் திரும்பப் பெறவேண்டும் என்றேன். காபி வரவழைத்தார்.

"தேய்க்கறது நம்ம வழக்கந்தானே சார். பழசக் கிளறினா உங்க கையெழுத்தும் சேந்துதான் வெளிய வரும்."

"வரட்டும்."

"அவரே போயிட்டாரு. யாருக்காக இதெல்லாம்?"

காபியைத் தொடாமல் எழுந்தேன். அவர் அறிந்தே செய்தாரா என்பது இன்றும் எனக்கு நிரூபணமாகவில்லை. அறியாமல் செய்தார் என்று நம்புவதற்கான ஒரு காரணத்தையும் அவர் எனக்குத் தரவில்லை.

அன்று மாலையே இரண்டு அளவீடுகளையும் முனியப்பாவின் வாக்குமூலத்தையும் இணைத்து வாடிக்கையாளருக்கு எழுதினேன். சென்ற வாரம் பதில் வந்தது. பழைய அறிக்கை ரத்து. பொருத்தியிருக்கும் கட்டைகளைக் கழற்றிச் சோதிக்கிறார்கள். 'கையாளுதல் பிழை' என்ற சொற்களை நீக்கி, உன் அளவீட்டை உன் பெயரிலேயே பதிந்திருக்கிறார்கள். அந்தத் தாளின் நகலை உன் மனைவிக்கு அனுப்பிவிட்டேன். பிழைக்கான காரணத்தை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. தலைவர் மெருகுப் பிரிவுக்கு வந்து நின்றதை எழுதினேன். உறையைக் கிழித்ததை எழுதினேன். கடைசி வரியில், மாதிரிகள் தேய்க்கப்படவில்லை என்று போய்ப் பார்க்காமலேயே சான்றளித்தவர் என்று எழுதி, அதன் எதிரே என் பெயரைப் போட்டேன்.

என்னிடம் கொடுக்கவேண்டாம் என்ற உன் சந்தேகம் சரி. நான் உன்னை ஏமாற்றவில்லை. அதைவிட மலிவான ஒன்றைச் செய்தேன். நாற்காலியிலிருந்து எழ மனமில்லாமல் உனக்கு ஒரு பதிலைச் சொன்னேன்.

இப்போதெல்லாம் யார் எதைக் கேட்டாலும் "பாத்துட்டுச் சொல்றேன்" என்று எழுந்துவிடுகிறேன். எழுபது படி இறங்கி, பிரிவுக்குப் போய், கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன். கேன்டீனுக்கு எத்தனை பேர் என்று கேட்டாலும் அப்படித்தான். புதிதாகச் சேர்ந்த பொறியாளர்கள் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு அதையே பெயராக வைத்திருக்கிறார்கள். "பாத்துட்டுச்சொல்றேன் சார் வராரு" என்று நேற்று மாடிப்படியில் ஒரு பெண் கிசுகிசுத்தது காதில் விழுந்தது. கோபம் வரவில்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பெயர்தான். அதைச் சம்பாதிக்க ஆறு ஆண்டு தாமதமாகிவிட்டது.