பின்பக்கம் பார்க்கும் இருக்கை

மகளுக்கு,

வாயைத் திறந்தால் சண்டை வரும், அதனால் எழுதுகிறேன். வெளிநாட்டுக்கு ஒரு மாசம்தான் போய்விட்டு வருவோம் என்றாய். நானும் தலையாட்டினேன்.

நேற்று குழந்தைக்கு கார் சீட் வாங்க என்னையும் கூட்டிப் போனாய். "கைக்குழந்தைக்கு இந்தச் சின்னது போதும்மா," என்றார் கடைக்காரர். "நாலு வயசு வரைக்கும் வர்ற மாதிரி குடுங்க," என்றாய் நீ. ஒரு மாசத்துக்கு எதுக்குடி நாலு வயசு? உன் அப்பாவும் ரெண்டே நாளில் வருகிறேன் என்றுதான் கோடை வெயிலில் கம்பளிச் சட்டையையும் எடுத்துக்கொண்டு போனார். இன்னும் வந்துகொண்டே இருக்கிறார்.

கைக்குழந்தையைப் பின்பக்கம் பார்க்கத்தான் உட்கார வைக்கணுமாம். அப்படியே வை. கார் கிளம்பும்போது வாசலில் நிற்பேன். பேத்தி என்னைப் பார்த்துக்கொண்டே போகட்டும். நீ திரும்பிப் பார்க்க வேண்டாம்.

உன் அம்மா