மகன் பாலிசியைத் தொடாதீங்க

செவ்வாய், இரவு.

கமலாவின் வலது முட்டி அறுவைக்காக ஹப்சிகுடா ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் பாலிசியைத் தவிர வேறு உண்டா என்று காப்பீட்டு கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் கமலா, “லேதம்மா” என்று தெலுங்கில் மறுத்துவிட்டாள்.

மகனின் ஆபீஸ் பாலிசியிலும் அவள் பெயர் இருக்கிறது. அதில் கைவைத்தால் மருமகளின் பிரசவத்துக்கு மிஞ்சாது என்று பயம். நான் உண்டு என்று திருத்தினேன். முதலில் என் பாலிசி கொடுக்கும், போதாத பாக்கிக்கு மட்டும் மகனுடையது என்றாள் அந்தப் பெண்.

வெளியே வந்து மகனுக்குப் போன் போட்டு கமலாவிடம் கொடுத்தேன். “பிரசவத்துக்கு அவளுக்கு அவ ஆபீஸ் பாலிசி தனியா இருக்கும்மா. நீ உன் காலைப் பாரு” என்று சிரித்தான்.

ஆட்டோவில் ஏறியதும் கமலா மெதுவாகச் சொன்னாள். “அப்ப டாக்டர்கிட்ட இடது முட்டியையும் காட்டிடலாங்க.”

அதுவும் வலிக்கிறது என்று எனக்கு இன்றுதான் தெரியும்.