மேட்டில் புதைத்த கொம்புகள்

தோப்பூர்
1980 பெப்ரவரி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சவூதியில், தமாமில் உங்கள் உடம்பைப் பத்திரமாக வைத்திருக்கும்படி ஒவ்வொரு தொழுகையிலும் அல்லாஹ்விடம் கேட்கிறேன். நானும் நம் பிள்ளை அசனாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

வயல் நன்றாக விளைந்திருக்கிறது. வெட்டுக்கு ஆள் பிடிப்பதுதான் கஷ்டம். நீங்கள் அனுப்பிய துணி கிடைத்தது, தைக்கக் கொடுக்கவில்லை. அதற்கெல்லாம் மனம் எங்கே? நீங்கள் மாரிக்கு முன்பு வாய்க்கால் மேட்டில் புதைத்துவிட்டுப் போன மாட்டுக் கொம்புகளில் ஒன்று வெளியே வந்துவிட்டது.

பக்கத்து வயல் ஜமால்தீன் காக்கா காவல் குடிலுக்குக் கால் நட அங்கே குழி வெட்டியிருக்கிறார். மண்வெட்டியில் கொம்பு தட்டுப்பட்டது. உள்ளே கறுப்பாக எதையோ அடைத்திருந்ததைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாராம். சாணமாக இருக்கும் என்று யார் நினைப்பார்கள், மச்சான்? இந்த ஊரில் மண்ணுக்குள் கொம்பு கிடந்தால் அதற்கு ஒரே பெயர்தான், செய்வினை.

அதுவும் எந்த நேரத்தில்! அவருடைய மனைவி உம்மு குல்சும் லாத்தா இத்தனை வருடம் காத்திருந்து பெற்ற குழந்தை போன மாதம் மௌத்தாகிவிட்டது. நானும் போய் அவவைக் கட்டிக்கொண்டு அழுதேன். இப்போது அந்தக் கொம்புதான் குழந்தையைக் கொண்டுபோனது என்று அவ தலையில் அடித்துக்கொள்கிறா. கிண்ணியாவிலிருந்து ஒரு லெப்பையைக் கூட்டிவந்து வீட்டுக்கு ஓதிப்பார்த்தார்கள். மேடு முழுவதையும் கிளறப்போகிறார்களாம். மிச்சக் கொம்புகளும் வரும்.

உங்கள் ஜேர்மன்காரரை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நிலாவெளி ஹோட்டல் குசினியில் வேலை செய்யப் போன மனுசன் சமையலைப் படித்திருக்கலாம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதையாக, அங்கே தங்கியிருந்த அவரிடம் கொம்பைப் படித்து வந்தீர்கள். அவர் சொன்னதாக நீங்கள் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். முதலாம் யுத்தம் முடிந்து சில வருடங்களில், மூட்டை உரம் போட்டுப் போட்டு மண் செத்துப்போகிறது, விதை பலமில்லை, மாடுகளுக்கு நோய் என்று அங்கத்தைய கமக்காரர்கள் ஒஸ்திரியாப் பெரியவர் ஒருவரிடம் போய் அழுதார்கள். அவர் ஒரு பெரிய பண்ணையில் தங்கி நாட்கணக்காகப் பேசினார். மண், மாடு, பயிர், மனிதர் எல்லாம் சேர்ந்து ஒரே உடம்பு என்றார். சாணத்தைப் பசுக் கொம்பில் அடைத்துக் குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் வைக்கச் சொன்னார். எடுத்துத் தண்ணீரில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றிச் சுழற்றிக் கலக்கி நிலத்துக்குத் தெளிக்கவேண்டும். அடுத்த வருடமே அவர் காலமாகிவிட்டார். கேட்டிருந்த கமக்காரர்கள் செய்து பார்த்துப் பல நாடுகளுக்குப் பரப்பினார்கள். ஹிட்லருடைய ஆட்சி அதைத் தடை செய்தும், யுத்தத்துக்குப் பிறகு திரும்பவும் தளிர்த்ததாம். பிறகு ஒரு பெண் முள்ளங்கி விதைத்து விதைத்துப் பார்த்து, எந்த நிலவில் எதை நடலாம் என்று கலண்டரே போட்டாளாம்.

நமக்குக் குளிர்காலம் ஏது என்று கேட்டேன். மாரிதான் நமக்குக் குளிர் என்றீர்கள். வயலில் தண்ணீர் நிற்கும் என்று மேட்டைத் தேடிப் போனீர்கள். ஊருக்குச் சொன்னால் சிரிப்பார்கள், விளைச்சலைக் காட்டிவிட்டுச் சொல்வோம் என்றீர்கள். சிரித்தால் என்ன, மச்சான்? ஒரு நாள் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

இப்போது பழி சிவபாதம் அண்ணன் தலையில் விழுந்திருக்கிறது. அவருடைய மாடுகள் முன்பு ஜமால்தீன் காக்காவின் நெல்லை மேய்ந்து சண்டை வந்ததல்லவா? மாட்டுக்காரன்தான் கொம்பு வைத்தான் என்று ஊரார் முடிவுகட்டிவிட்டார்கள். செத்த மாடுகளின் கொம்பை அவர் உங்களுக்குக் கொடுத்தது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். எத்தனையோ பேர் சூழ்ந்து நின்று கேட்டும் அவர் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவேண்டும், இல்லாவிட்டால் மாடுகளோடு இந்தப் பக்கத்தை விட்டுப் போய்விடவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

‘நான் வைக்கவில்லை’ என்று மட்டும் சொல்வதென்றால் அவருக்குப் பயமில்லை. ‘அந்தக் கொம்பைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது’ என்றும் சொல்லவேண்டுமாம். நேற்றுக் காலை வேலிக்கு அப்பால் நின்று என்னைக் கூப்பிட்டார். முகம் வெளிறியிருந்தது. “தங்கச்சி, நீங்க வாய் திறக்காதீங்க. ஆம்பிளை இல்லாத வீடு. நான் அணைச்சிட்டுப் போறன்” என்றார். என் பதிலுக்கும் நிற்கவில்லை.

அவருடைய மகள் பூரணம் நிறைமாதமாக இருக்கிறாள். பொய்யாகக் கற்பூரம் அணைத்தால் அது பிள்ளைகுட்டியைப் பிடிக்கும் என்று அவர்கள் நம்புகிறார்கள். நமக்காக அந்த மனுசன் எதைக் கொண்டுபோய் நெருப்பில் வைக்கப்போகிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அது உண்மையிலேயே உரம்தானா? அந்த ஜேர்மன்காரர் அதில் எதையாவது ஓதினாரா? கொம்பு வெளியே வந்த அன்றிலிருந்து அசனாவுக்குக் காய்ச்சல். பனிக்காலம், எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிறது என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் அவளுடைய நெற்றியைத் தொடும்போதெல்லாம் அந்த மேடுதான் கண்ணுக்குள் வருகிறது. சந்திரனும் நட்சத்திரமும் பார்த்துச் செய்கிற காரியத்தை வெறும் விவசாயம் என்று நம்ப எனக்குப் பயமாக இருக்கிறது. நானே பயப்படும்போது, பிள்ளையைப் பறிகொடுத்தவ என்ன பாடுபடுவா?

பள்ளிவாசல் தலைவருக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதினால் போதும் என்று முதலில் நினைத்தேன். அது வந்துசேர மூன்று வாரமாவது செல்லும். வெள்ளிக்கிழமை அதற்குக் காத்திருக்காது. அதனால் நாளைக்கு மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு உம்மு குல்சும் லாத்தாவின் வீட்டுக்கு நானே போகப்போகிறேன். கொம்பை வைத்தது என் புருசன், மண்ணுக்குச் சத்து வரும் என்று வைத்தார், உங்கள் பிள்ளைக்கு நாங்கள் கெடுதல் நினைக்கவில்லை என்று அவவுடைய காலடியில் இருந்து சொல்வேன். மேட்டுக்குக் கூட்டிப்போய் என் கையாலேயே ஒரு கொம்பைக் கிண்டி, உள்ளே இருப்பதை அள்ளிக் காட்டுவேன். நம்புவாவோ, என் தலைமயிரைப் பிடிப்பாவோ தெரியாது. ஜமால்தீன் காக்காவின் தம்பிமார் முன்கோபக்காரர்கள்.

பயத்தில் வேலை ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஓடிவந்துவிடாதீர்கள். எனக்காகவும் பிள்ளைக்காகவும் துஆச் செய்யுங்கள். பூரணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவள் சுகமாகப் பெற்றெழும்பவேண்டும். அல்லாஹ் உங்களைக் காப்பானாக.

இதற்குப் பதில் எழுதும்போது தோப்பூர் முகவரியைப் போடாதீர்கள். கிண்ணியாவில் என் கூடப்பிறந்த காக்கா வீட்டுக்கு அனுப்புங்கள்.

உங்கள் துஆவை நாடும்,
றம்ஸியா