பச்சை பூசிய முனை

ஏப்ரல் 9, 1983. சனி.
என் 1937 மோட்டார்சைக்கிளையும் அதன் பக்கவாட்டு இருக்கையான சைடுகாரையும் பிணைக்கும் போல்ட் செய்து முடிந்தது. பழையது துருவேறிப் பாதியாகத் தேய்ந்திருந்தது. கடையில் கிடைக்காது, நாமே கடைந்தால்தான் உண்டு. நட்டு மரையில் வழுக்கிக்கொண்டு ஏறுகிறது. எனிட் சமையலறை ஜன்னலிலிருந்து, "என்ன, நகை செய்யறியா?" என்றாள். என் மனைவி வாயில் அது பாராட்டு.

ஏப்ரல் 12.
பழைய மோட்டார்சைக்கிள் கிளப் நண்பன் ஹோரஸ் வந்தான். போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"எந்தக் கம்பியில வெட்டின?"
ஷெட் மூலையில் இரண்டு கம்பிகள். ஒன்று சாதா இரும்பு, மற்றது நிக்கல் கலந்த கெட்டி எஃகு. விற்றவர் அடையாளத்துக்காகச் சாதாவின் முனையில் மஞ்சளும் கெட்டியின் முனையில் பச்சையும் பூசித் தந்திருந்தார்.
"பச்சையிலதான்."
"பச்சை எங்கடா?"
இல்லை. இரண்டையும் பெயிண்ட் பூசிய முனையிலிருந்தே வெட்டித் தொலைத்திருக்கிறேன். முனைகள் குப்பையோடு போயாயிற்று.
"இத்தனை வருஷம் பட்டறையில என்னத்தக் கிழிச்ச?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 13.
அனேகமாகப் பச்சைதான். ஆனால் வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டதே, கெட்டி எஃகு அப்படி வெட்டுப்படுமா — அதுதான் உறுத்துகிறது.

ஏப்ரல் 16.
மாட்டிவிட்டேன். வளைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்; ஆனால் போல்ட் பாழாகும், மறுபடி இரண்டு நாள் வேலை. அடுத்த மாதம் கிளப் சவாரியில் அது முறிந்தால் சைடுகார் தனியே கழன்று ஓடும். எனிட் அதில்தான் உட்காருவாள். அனேகமாகப் பச்சைதான்.

ஏப்ரல் 24. ஞாயிறு.
சாப்பிடும்போது எனிட், "இந்தத் தடவை சவாரிக்கு நான் ஓட்டறேன். கல்யாணத்துக்கு முன்னாடியே உன்னைவிட நல்லா ஓட்டினவ நான். நீ சைடுகார்ல உக்காரு" என்றாள்.
"அதெல்லாம் வேண்டாம்." யோசிக்கும் முன்பே வந்துவிட்டது.
"ஏன்?"
முதுகு வலி, அது இது என்று உளறினேன்.
என்னை உட்காரச் சொன்னதும் உடனே மறுத்தேனே. அவளை உட்கார வைக்க மட்டும் ஏன் தயங்கவில்லை? நானெல்லாம் என்ன மனுஷன்.

ஏப்ரல் 25.
போல்ட்டைக் கழற்றி வைஸ் இடுக்கியில் இறுக்கி, நீளக் குழாயை மாட்டி இழுத்தேன். மெழுகுவர்த்தி மாதிரி வளைந்தது. மற்றக் கம்பியில் அதே கனத்துக்கு ஒரு துண்டு கடைந்து இழுத்தேன், தொங்கியும் பார்த்தேன். அசையவில்லை.
வளைந்ததை எனிட்டிடம் காட்டி எல்லாம் சொன்னேன்.
"தெரிஞ்சேவா மாட்டின?"
"சந்தேகம் இருந்துச்சு."
"ரெண்டு நாள் வேலை பெருசா, நான் பெருசான்னு பாத்திருக்க" என்றாள். பிறகு உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள். வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 30.
கெட்டிக் கம்பியில் புது போல்ட். வெட்டும் உளி இரண்டு முறை மழுங்கியது. மிச்சக் கம்பியின் முனையில் பச்சை அடித்து வைத்தேன். எனிட் அவசியத்துக்கு மட்டும் பேசுகிறாள்.

மே 8. ஞாயிறு.
கிளப் சவாரி. எங்கள் ஊர் டட்லியிலிருந்து கிளம்பும்போதே தூறல். எனிட் கேட்கவில்லை, நானே போய் சைடுகாரில் உட்கார்ந்தேன். மேட்டு வளைவில் சைடுகார் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் காட்டினாள், வேண்டுமென்றே. கத்திவிட்டேன்.
டீக்கு நிறுத்தினோம். "போல்ட்ட நினைச்சா கத்தின?"
"இல்ல. நீ ஓட்டறத நினைச்சு."
சிரித்தாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு.
டீ முடிந்ததும் மறுபடி சைடுகாரில் ஏறி உட்கார்ந்தேன். அவள் ஓட்டும் கையுறைகளைக் கழற்றி என் மடியில் போட்டாள். "எழுந்திரு. அது என் இடம்."