அடுப்புக்குக் காவல்

அன்பு மகள் பெனினாவுக்கு, சவாயி தீவின் ஒப்பற்ற அறிவாளியும் உன் அப்பாவின் ஒரே தம்பியுமான துய்லோமா சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் என் தொந்தியும் உன் அம்மாவும் மிச்சமிருக்கும் பன்றிகளும் சுகம். ஆக்லாந்துக் குளிரில் நீயும் சுகமாயிருக்க ஊரின் மூன்று சபைகளிலும் வேண்டுதல் வைத்திருக்கிறேன், எந்தக் கதவு திறந்திருக்குமோ யார் கண்டது.

கடவுள் இருப்பதாகத் தோன்றவில்லை என்று நீ போனில் சொன்ன நாளிலிருந்து உன் அப்பா உன்னோடு பேசுவதில்லை. "சபைய விட்டவ எனக்கு மகளே இல்ல" என்று ஊரெல்லாம் முழங்கினார். அந்த உத்தமர் கதையைக் கேள். பாட்டுக்குழுவில் தனிப்பாட்டை மச்சான் சியாவோசிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று, ஞானஸ்நானம் பெற்ற சபையை முதலில் விட்டவர் அவர்தான். அண்ணன் வாய் திறந்தால் ஃபிஜி வரை மீன் செத்து மிதக்கும், அவர்கள்மேல் என்ன குற்றம். பிறகு, வேதத்தின் ஆழத்தைக் கண்டேன் என்று சனிக்கிழமைச் சபைக்குப் போனார். அங்கே பன்றிக்கறி ஆகாது. ஞாயிறு காலையில் பக்கத்து வீட்டு உமு அடுப்பில் பன்றி வேகும் வாசனை வரும், சுவரில்லாத நம் வீட்டில் எதைச் சாத்துவது. ஏழாவது வாரம் வேதம் ஆழமில்லாமல் போய்விட்டது. இப்போது கிட்டார் சபை. போதகர் நெற்றியில் கை வைத்ததும் எல்லாரும் ஆவி நிரம்பிச் சாய, இவர் மட்டும் தென்னைமரம்போல நின்றார். அவமானம் தாங்காமல் அடுத்த வாரம் தானாகவே சாய்ந்து இரண்டு பெஞ்சுகளை முறித்தார், தீவே ஒரு முழம் கடலுக்குள் இறங்கியது. பாட்டுக்காகவும் பன்றிக்காகவும் கடவுளின் விலாசத்தை மாற்றியவர் அவர். நம் குடும்பத்திலேயே கடவுளைப் பற்றி யோசித்துச் சபையை விட்டவள் நீ ஒருத்திதானடி. நானா, எங்கே விருந்தோ அங்கே விசுவாசி.

போன ஞாயிறு, முற்றத்து உமு அடுப்பில் கல்லைச் சுடவைத்துப் பன்றியை இலைபோட்டு மூடிவிட்டு, உன் அம்மாவும் நானும் பழைய சபைக்கும் அவர் கிட்டார் சபைக்கும் போய்விட்டோம். திரும்பி வந்தால் ஊர் நாய்களெல்லாம் ஐக்கியமாக விருந்து நடத்திக்கொண்டிருந்தன, அவற்றுக்குள் சபைப் பிரிவே கிடையாது. வெள்ளைச் சட்டையோடு சேப்பங்கிழங்குத் தோட்டம் முழுக்க ஓடிய உன் அப்பா கடைசியில் சேற்றிலேயே உட்கார்ந்து, "பெனினா இருந்திருந்தா வீட்டுல இருந்திருப்பா" என்றார். அவர் வாயில் உன் பெயர் வந்து ஒரு வருஷம் ஆகிறது. உன் அம்மா சட்டென்று உள்ளே போய்விட்டாள். நான் விடுவேனா, "அவதான் மகளே இல்லயே, ஊரெல்லாம் சொல்லியாச்சே அண்ணே" என்றேன். சேற்றை அள்ளி என்மேல் எறிந்துவிட்டு, "கிறிஸ்மஸுக்கு வரச் சொல்லு. கோயிலுக்கு வரவேணாம், அடுப்பப் பாத்துக்கிட்டா போதும்" என்றார்.

ஆகையால் டிக்கெட் எடு மகளே. வந்த இடத்தில் அவரோடு வேதம் பேசாதே, சாப்பிட்டபின் பேசு. எந்தச் சபையின் ஆண்டவர் காதில் விழுகிறதோ அவர் உன்னைக் காப்பாராக. ஒன்று மறந்தேன். நாய் விரட்ட உனக்கென்று ஒரு கம்பு சீவி வைத்திருக்கிறார். தினமும் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்க்கிறார், பிடி உன் கைக்குச் சரியாக இருக்குமா என்று உன் அம்மாவின் கையைப் பிடித்து அளந்து பார்க்கிறார். நாய்க்கு இவ்வளவு மெருகு எதற்கு என்று நான் கேட்கவில்லை.

உன் சித்தப்பா,
துய்லோமா