ஒத்திகை ஓட்டம்

ஆகஸ்ட் 12, புதன்

"டீச்சர், கடைசிச் சொட்டு எதுன்னு எப்படித் தெரியும்?" என்று ஆய்வகத்தில் ஒரு பெண் கேட்டாள். வேதியியல் நடத்திய காலம் முழுக்க என்னிடம் கேட்கப்பட்டதில் எனக்குப் பிடித்த கேள்வி அது. அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நிறம் மாறும் இடத்தில் நிறுத்த வேண்டும். அவசரக்காரப் பிள்ளைகள் குழாயைத் திறந்துவிடுவார்கள். கண் மூடித் திறப்பதற்குள் குடுவை முழுக்கச் சிவந்துவிடும். கொட்டிக் கழுவிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். "எதுன்னு தெரியாது. அதனால ஒவ்வொரு சொட்டையும் கடைசிச் சொட்டுன்னு நெனச்சு விடு" என்றேன் அவளிடம்.

இன்று காலை ஓடும்போது இதைப் பாப்பாவிடம் சொன்னேன்.

"அண்ணி, ரிட்டயர் ஆகி அஞ்சு வருஷம் ஆச்சு. மணி அடிச்சுட்டாங்க" என்றாள்.

அறுபது முடிந்த நாத்தனாரைப் பாப்பா என்று கூப்பிடும் குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். என் கணவருக்கு ஒரே தங்கை. அடுத்த தெருவில் இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறாள். மகன் வெளிநாட்டில். போன வருஷம் முழங்கால் வலி, தூக்கமில்லை, எதிலும் மனசில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தவளை நான்தான் இழுத்துக்கொண்டு போய் நடக்க வைத்தேன். பிறகு ஓட வைத்தேன். இப்போது என்னோடு முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். நவம்பர் 1. அதற்கு முன்னால் ஒத்திகையாகச் செப்டம்பர் 20-இல் அரை மாரத்தான்.

நாற்பத்திரண்டு கிலோமீட்டர். அவரிடம் சொன்னபோது, "அவ்வளவு தூரம் போய் என்ன வாங்கிட்டு வரப்போற?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், இதுவரை நான் போன இடமெல்லாம் ஏதாவது வாங்கி வரத்தான் போயிருக்கிறேன். சம்பளம், காய்கறி, மருந்து, பிள்ளைகளின் மதிப்பெண். சும்மா ஒரு தூரத்தை முடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வர வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. வயது அறுபத்து மூன்று. இந்த வருஷம் இல்லாவிட்டால் எப்போது?


ஆகஸ்ட் 23, ஞாயிறு

பதினெட்டு கிலோமீட்டர். வாயை மூடவில்லை இருவரும். அவள் மகனின் வேலை, மாடி வீட்டுக்காரியின் நாய், என் சம்பந்தியின் மூக்குக்கண்ணாடி. எல்லாம் தீர்ந்தது, தூரமும் தீர்ந்தது.

எங்கள் ஓட்டக் குழுவை நடத்துகிறவர் பல் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லியே பழக்கப்பட்டவர், தானும் திறந்தால் மூடுவதில்லை. இன்று எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "அரை மாரத்தான யாரும் போட்டியா ஓடாதீங்க. முழு மாரத்தான்ல என்ன வேகமோ அதே வேகம். தண்ணி குடிக்கிற எடத்துல நடந்துகிட்டே குடிங்க. முடிக்கும்போது இன்னும் அவ்வளவு தூரம் ஓடலாம்னு தோணணும். தோணலைன்னா தப்பா ஓடிட்டீங்கன்னு அர்த்தம்."

எனக்கு இது புதிதல்ல. மாதிரித் தேர்வுக்கு உயிரைக் கொடுத்துப் படித்துவிட்டு, பொதுத் தேர்வுக்குக் காய்ச்சலோடு வந்து நிற்கும் பிள்ளைகளை எத்தனை பேர் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது பாப்பா சொன்னாள்: "சேர்ந்தே கெளம்புவோம், சேர்ந்தே முடிப்போம் அண்ணி. உங்கள விட்டுட்டு நான் மட்டும் போய் என்ன பண்ணப்போறேன்?"

நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னது. இதை ஏன் எழுதி வைக்கிறேன் என்று தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது, அதனால்தான்.


செப்டம்பர் 12, சனி

பாப்பா புது ஷூ வாங்கியிருக்கிறாள். பஞ்சு மாதிரி இருக்கிறது. "சும்மா, தள்ளுபடில போட்டிருந்தான் அண்ணி."


செப்டம்பர் 20, ஞாயிறு

பன்னிரண்டாவது கிலோமீட்டரில் தண்ணீர் மேசை. திட்டப்படி நான் நடந்துகொண்டே குடித்தேன். அவள் தம்ளரைத் தொடவில்லை. "நான் மெல்லப் போயிட்டே இருக்கேன் அண்ணி, வந்துடுங்க" என்றாள்.

மெல்லவா?

அந்த வெளிர்பச்சை ஷூ இரண்டும் கூட்டத்துக்குள் புகுந்து போவதைப் பார்த்துக்கொண்டே குடித்து முடித்தேன். பிடித்திருக்கலாம். அவளைவிட நான் வேகமானவள். ஒரு வருஷமாக என் வேகத்தை அவளுக்காகக் குறைத்துக்கொண்டு ஓடியவள். ஆனால் இது ஒத்திகை. அதைச் சொல்லிச் சொல்லியே மீதித் தூரத்தை ஓடினேன். மூச்சு வாங்கவில்லை, கால் வலிக்கவில்லை, இன்னும் அவ்வளவு தூரம் ஓடலாம் போல இருந்தது. எல்லாம் பல் டாக்டர் சொன்னபடியே.

முடிவுக் கோட்டுக்கு வந்தபோது என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. மேடையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மூன்றாம் இடம் பாப்பாவுக்கு. இரண்டு மணி இருபத்தேழு நிமிடம். நான் ஐந்து நிமிடம் கழித்து, நான்காவது.

"என்ன இவ்வளவு லேட்டு? கால் வலியா?" என்றார்.

"இல்ல. இப்படித்தான் ஓடணும்னு திட்டம்."

"தோக்குறதுக்குத் திட்டமா?" பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பாப்பா வந்து கட்டிக்கொண்டாள். "பின்னாடியே வர்றீங்கன்னு நெனச்சேன் அண்ணி."

பல் டாக்டர் மட்டும் என்னிடம், "நீங்கதான் சரியா ஓடினீங்க டீச்சர்" என்றார். வண்டி நிறுத்துமிடத்தில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது.


செப்டம்பர் 22, செவ்வாய்

கோப்பை எங்கள் வீட்டில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. பாப்பா வீட்டில் இடமில்லையாம்.


செப்டம்பர் 24, வியாழன்

தொலைபேசியில் யாரிடமோ அவர்: "நம்ம வீட்டுல ஒருத்தி மூணாவது. ஆமா, ஆமா. இன்னொருத்தியும் ஓடினா."

சாயங்காலம் பாப்பா வந்திருந்தாள். பேச்சுவாக்கில் சொன்னாள்: "போன வருஷம் மூணாவது வந்த அம்மா ரெண்டரை மணி நேரம் அண்ணி. அதான் பார்த்தேன், நம்மாலயும் முடியும்னு."

அப்படியென்றால் முன்பே பார்த்து வைத்திருக்கிறாள். கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். சேர்ந்தே முடிப்போம் என்று சொன்ன அதே வாயோடு. தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். மறந்ததாகவே இருக்கட்டும்.


செப்டம்பர் 28, திங்கள்

பாப்பாவால் மாடிப்படி இறங்க முடியவில்லை. ஓடிய நாளிலிருந்தே தொடையில் வலி இருந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. ஸ்கேன் எடுத்தாயிற்று. தொடையின் பின்பக்கத் தசை கிழிந்திருக்கிறது. ஆறு வாரம் ஓடக் கூடாது. "பழக்கமில்லாத வேகத்துல ஓடினீங்களா?" என்று டாக்டர் கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள்.

வண்டியில் வரும்போது அவர் என்னிடம் சொன்னார்: "சும்மா கெடந்தவள நீதானே இதுல இழுத்து விட்ட."

நானா? நானா அவள அப்படி ஓடச் சொன்னேன்? மெல்ல ஓடு மெல்ல ஓடுன்னு தொண்டை வத்தக் கத்தினவ நான். கோப்பை வந்தப்ப பாப்பா திறமை, கால் போனப்ப அண்ணி இழுத்து விட்டதா?

வண்டியில் ஒன்றும் பேசவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.


அக்டோபர் 3, சனி

பாப்பாவை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். முன்னறையில் கட்டில். அவள் மகன் திரையில் வந்து, "அத்தை, நீங்கதான் பார்த்துக்கணும். நீங்க வீட்டுலதானே இருக்கீங்க" என்றான். நல்ல பையன். எல்லோரும் நல்லவர்கள்தான். வீட்டில் இருக்கிறவள் என்றால் சும்மா இருக்கிறவள் என்று அர்த்தம். இந்தப் பாடத்தை இவர்களுக்கு நடத்தியது யார் என்றுதான் தெரியவில்லை.

நாளை முப்பது கிலோமீட்டர் ஓட வேண்டும். ஷூவை எடுத்து வைத்ததை அவர் பார்த்துவிட்டார்.

"அவ இப்படிப் படுத்திருக்கும்போது நீ ஷூ மாட்டிக்கிட்டுக் கெளம்பினா நல்லாவா இருக்கு?"

"விடுங்கண்ணா, அண்ணி போகட்டும்" என்றாள் பாப்பா, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு. கொஞ்ச நேரம் கழித்து: "அடுத்த வருஷம் சேர்ந்தே ஓடிருக்கலாம்."

சேர்ந்தே.


அக்டோபர் 4, ஞாயிறு

போனேன். முப்பதையும் ஓடினேன். திரும்பி வந்தபோது வெந்நீர் வைத்துக் கொடுக்க ஆளில்லாமல் பாப்பா முகம்கூடக் கழுவவில்லை என்று அவர் சொன்னார். மூன்று மணி நேரத்துக்கு மேல் செய்தித்தாளோடு அதே அறையில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார். அடுப்பு அவரைக் கடித்துவிடும் போலிருக்கிறது.


அக்டோபர் 18, ஞாயிறு

தனியாக ஓடினேன். பேச ஆளில்லை. நல்லதுதான், வேகம் கூடியிருக்கிறது. எதிரே வந்த பல் டாக்டர் கையைத் தாழ்த்தி, மெல்ல, மெல்ல என்று காட்டிவிட்டுப் போனார். பார்க்காதது போல் இருந்துவிட்டேன்.


அக்டோபர் 31, சனி

நாளைக் காலைக்கான உடுப்பை எடுத்து வைத்தாயிற்று. பாப்பாவின் காலுக்குக் கட்டுப் போட்டுவிடும்போது கேட்டாள்.

"பயமா இருக்கா அண்ணி?"

"இல்ல."

"எனக்கு அன்னைக்கு இருந்துச்சு." கட்டின் நுனியைத் தடவிக்கொண்டே இருந்தாள். "தண்ணி குடிச்சுட்டு நீங்க வேகம் எடுத்தீங்கன்னா என்னால பிடிக்க முடியாது. எப்ப விட்டுட்டுப் போவீங்களோன்னு ஒவ்வொரு வாரமும் நெனப்பேன். அதான் நான் முந்திக்கிட்டேன்."

ஒரு வருஷம். வாரத்துக்கு நான்கு நாள். ஒருநாள்கூட அவளை விட்டுவிட்டுப் போனதில்லை நான். அதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் ஓடி வந்தவளுக்கு இதுதான் தோன்றியிருக்கிறது.

"கட்டு இறுக்கமா இருக்கா?" என்று கேட்டேன்.

"சரியா இருக்கு" என்றாள்.


நவம்பர் 2, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

மெல்லத்தான் ஆரம்பித்தேன். மூன்றாவது கிலோமீட்டர் வரை எல்லாம் சரி. பிறகு எப்போது என்று தெரியாமல் மனசுக்குள் பேச ஆரம்பித்துவிட்டேன். வண்டியில் சொல்லாமல் விட்டது, மேடைக்குக் கீழே சொல்லாமல் விட்டது, கட்டுப் போடும்போது விழுங்கியது, எல்லாவற்றுக்கும் பதில். நல்ல நல்ல பதில்கள். அவை வேகமாக வர வர காலும் வேகமாகப் போனது. தண்ணீர் மேசைகளில் நடக்கவில்லை. இரண்டை அப்படியே தாண்டிவிட்டேன்.

பாதித் தூரத்தில் பெரிய கடிகாரம் வைத்திருந்தார்கள். இரண்டு மணி இருபத்தாறு. பார்த்ததும் நாக்கில் இனித்தது. உண்மையிலேயே இனித்தது. இன்னும் பாதி இருக்கிறது என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

இருபத்தெட்டில் கெண்டைக்கால் இழுத்தது. முப்பதில் வாந்தி. முப்பத்து மூன்றில் நடைபாதை ஓரம் உட்கார்ந்தேன், எழுந்து காலை ஊன்ற முடியவில்லை. ஒரு பெண் வந்து காலை நீவிவிட்டாள். "உள்ள இன்னும் தெம்பு இருக்காம்மா?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்தது. தெம்பெல்லாம் எங்கே செலவானது என்று எனக்குத் தெரியும்.

முடிக்காதவர்களை ஏற்றிக்கொண்டு வரும் பேருந்தில் ஏற்றினார்கள். உள்ளே ஒன்பது பேர். ஒருவர் ஆரஞ்சு உரித்து எல்லோருக்கும் சுளை கொடுத்தார். "வாங்க, வாங்க. நல்ல சீட்டெல்லாம் மொதல்ல வேகமா ஓடினவங்க பிடிச்சுட்டாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே, எனக்குப் பின்னால் வெகுதூரத்தில் வந்துகொண்டிருந்த ஒரு கனத்த அம்மா, தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அவசரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். பேருந்து அவரைத் தாண்டியது. அவர் முடித்திருப்பார்.

வீட்டில் அவர் கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அதற்காவது நன்றி.

பாப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "முடிச்சீங்களா?"

"இல்ல. முப்பத்து மூணு."

"பாதியில எவ்வளவு?"

சொன்னேன்.

இந்த வீட்டில் அந்த எண்ணுக்கு அர்த்தம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"என்னுத விட ஒரு நிமிஷம் கம்மி" என்றாள்.

"ஆமா" என்றேன்.


நவம்பர் 14, சனி

பாப்பா தன் வீட்டுக்குப் போய்விட்டாள். கோப்பையையும் எடுத்துக்கொண்டாள். இடம் கிடைத்துவிட்டது போல. டீவி பக்கத்தில் ஒரு வட்டம் தூசியில்லாமல் இருந்தது. துடைத்துவிட்டேன்.


நவம்பர் 29, ஞாயிறு

அடுத்த வருஷ முழு மாரத்தானுக்கு இப்போதே பெயர் கொடுக்கலாம். பாப்பா கூப்பிட்டாள். "உங்களுக்கும் சேர்த்துப் போட்டுடவா அண்ணி?"

"வேண்டாம். நான் தனியாப் போட்டுக்கறேன்."

"சரி" என்றாள். கோபமில்லை. அது இருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும்.

காலையில் நான் ஓடும்போது எதிர்ப்பக்க நடைபாதையில் அவள் நடந்துகொண்டிருந்தாள். கையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன். இடையில் இருந்தது ஒரு சாலைதான், வண்டிகூட வரவில்லை. இருவரும் கடக்கவில்லை.

குழுவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் படிக்கக் கொடுக்க நாலு வரி எழுதித் தரும்படி பல் டாக்டர் கேட்டிருந்தார். மத்தியானம் உட்கார்ந்தேன். நாலு பக்கம் எழுதினேன். எல்லாவற்றிலும் பாப்பா வந்துவிட்டாள். அடித்து அடித்துக் கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான். இதைத்தான் கொடுக்கப்போகிறேன்:

பக்கத்தில் பேச ஆள் இல்லாமல் ஓடும்போது, ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஒரு முழு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூச்சு வாங்கி வாக்கியம் பாதியில் நின்றால், வேகத்தைக் குறையுங்கள்.